600 பக்கம் எழுதிவிட்டேன், வெளியிடலாமா? – ஒரு காவல் ஆய்வாளரின் கேள்வி

கேள்வி: காவல் துறையில் 24 ஆண்டுகளாக இருக்கிறேன். இப்போது ஆய்வாளர். ஓய்வுபெற இன்னும் 6 ஆண்டுகள் உள்ளன. நான் விசாரித்த 31 வழக்குகளை எழுதி வைத்திருக்கிறேன். தட்டச்சு செய்ததில் 600 பக்கம் வந்தது. படித்த நண்பர் இருவரில் ஒருவர், "உடனே புத்தகமாகப் போடு" என்கிறார். இன்னொருவர், "குற்றப்பத்திரிகை படிக்கிற மாதிரி இருக்கிறது" என்கிறார். பணியில் இருக்கும்போதே வெளியிடலாமா? பெயர்களை மாற்றிவிட்டால் போதுமா? புனைபெயர் வைத்துக்கொண்டால் சிக்கல் தீருமா? குறிப்புகளைக் கொடுத்தால் தானே எழுதித் தருவதாக ஓர் எழுத்தாளர் சொல்கிறார். பணம் கட்டினால் மூன்று வாரத்தில் புத்தகம் என்று ஒரு நிறுவனமும் கூப்பிடுகிறது. பொருளடக்கத்தையும் இரண்டு அத்தியாயங்களையும் இணைத்திருக்கிறேன். வழிகாட்டுங்கள்.

பதிப்பாசிரியரின் பதில்:

அன்புள்ள ஆய்வாளர் அவர்களுக்கு,

அனுப்பிய அத்தியாயங்களைப் படித்தேன். உங்கள் இரண்டாவது நண்பர் சொன்னது சரி. முதல் நண்பர் சொன்னதிலும் தப்பில்லை, அந்த "உடனே" என்பதை மட்டும் எடுத்துவிட்டால்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டிருக்கும் எல்லாக் கேள்விக்கும் பதில் அதிலிருந்துதான் வரப்போகிறது. அந்த 31 வழக்குகளும் உங்கள் சொத்து இல்லை. பாதிக்கப்பட்டவர், குற்றம் சாட்டப்பட்டவர், சாட்சி சொன்னவர், துறை, நீதிமன்றம் என்று ஒவ்வொன்றிலும் பல பேருக்கு உரிமை இருக்கிறது. உங்களுக்கு மட்டுமே சொந்தமானவை கோப்பில் ஏறாமல் போனவை. நீங்கள் அங்கே நின்றபோது கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது, வீட்டுக்குப் போன பிறகும் மனத்தை விட்டுப் போகாதது. உங்கள் 600 பக்கத்தில் வழக்கு நிறைய இருக்கிறது, இது குறைவாக இருக்கிறது.

உங்கள் இரண்டாவது அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். வயதான ஒருவர் வீட்டில் நகை காணாமல் போகிறது. வேலைக்காரப் பெண் மேல் சந்தேகம். ஏழு பக்கத்துக்கு விசாரணை. கடைசியில் இப்படி முடித்திருக்கிறீர்கள்: "புகார்தாரரின் மகனே மேற்படி குற்றத்தைச் செய்தது விசாரணையில் தெரியவந்தது. புகார்தாரர் தனது புகாரைத் திரும்பப் பெற விரும்பினார். சட்டப்படி அது இயலாது என்று விளக்கப்பட்டது."

சார், இந்த மூன்று வாக்கியத்துக்கு நடுவில்தான் உங்கள் புத்தகம் ஒளிந்திருக்கிறது. மகன்தான் திருடினான் என்பதை அவரிடம் சொன்னது யார்? நீங்களா? உட்கார வைத்துச் சொன்னீர்களா, நிற்க வைத்தா? அவர் உடனே நம்பினாரா, இல்லை அவருக்கு முன்பே தெரியுமா? புகாரைத் திரும்பப் பெற வந்தபோது தனியாக வந்தாரா, மனைவியும் கூட வந்தாரா? "விளக்கப்பட்டது" என்கிறீர்கள்; விளக்கியவர் நீங்கள்தானே? அந்த இடத்தில் "நான்" ஏன் காணாமல் போனது? அதைவிட முக்கியமான ஒன்று: சந்தேகத்தில் அழைத்துவரப்பட்ட அந்த வேலைக்காரப் பெண் என்ன ஆனார்? நான்காவது பக்கத்துக்குப் பிறகு அவர் வரவே இல்லை. வழக்கின் கோணத்தில் அவர் வேலை முடிந்துவிட்டது. படிக்கிறவருக்கு முடியவில்லை. பக்கத்தை மூடிய பிறகும் அவரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

24 ஆண்டுகள் அறிக்கை எழுதிய கை அது. "நான்" என்பதை விலக்கி, உணர்ச்சியை விலக்கி, நேரத்தையும் இடத்தையும் பிசகாமல் குறித்து, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எங்கேயும் பிடித்துக்கொள்ள முடியாதபடி எழுதப் பழகியிருக்கிறது. நீதிமன்றத்துக்கு அது தேவை. நூலில் அதுவே தடை. ஆனால் அந்தப் பயிற்சி முழுக்க வீண் என்று நினைக்காதீர்கள். பொருள்களைக் கவனிக்கும் கண்ணும், ஒரு சம்பவத்தை நேர வரிசையில் பிரித்துப் பார்க்கும் பழக்கமும் பல நாவலாசிரியர்களிடம் இல்லாதவை. உங்கள் முதல் அத்தியாயத்தில் பூட்டு உடைந்திருந்த விதத்தை விவரிக்கிறீர்களே, அந்தப் பத்தியில் ஒரு சொல்லைக்கூடத் தொட மாட்டேன்.

அப்புறம் பேச்சு. உங்கள் கதையில் திருடன், ஆசிரியை, லாரி ஓட்டுநர், மாஜிஸ்டிரேட் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள், வாக்குமூலம் கொடுப்பது போல. வாக்குமூலத்தில் எல்லாருடைய பேச்சும் எழுதுகிறவருடைய நடைக்கு மாறிவிடும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பொய் சொல்லும்போது ஒருவர் எங்கே வேகமாகப் பேசுவார், எங்கே தேவையில்லாமல் விவரம் சேர்ப்பார் என்பதைப் பல ஆண்டுகள் எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள். கற்பனையில் எழுதுகிறவர்கள் இதற்காகத்தான் உங்களைப் போன்றவர்களிடம் வந்து நிற்கிறார்கள். உங்கள் கையில் இருப்பதை நீங்களே எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கு முன்னால் இந்தப் பாதையில் போனவர்களைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் காவல் துறையில் 1960-இல் சேர்ந்த ஜோசப் வாம்பா பணியில் இருக்கும்போதே 1971-இல் முதல் நாவலை வெளியிட்டார். 1973-இல் வந்த அவருடைய 'தி ஆனியன் ஃபீல்ட்' உண்மைச் சம்பவம் பற்றியது. 1963-இல் இரண்டு காவலர்கள் கடத்தப்படுகிறார்கள். ஒருவர் ஒரு வெங்காய வயலில் சுட்டுக் கொல்லப்படுகிறார், மற்றவர் தப்பிவிடுகிறார். துப்பறியும் கதை எழுதுகிறவர் கொலையாளிகள் பிடிபட்டதோடு முடித்திருப்பார். வாம்பா தப்பித்தவரின் பின்னால் போனார். உயிரோடு திரும்பியதற்காகவே சொந்தத் துறையில் சந்தேகப் பார்வைக்கு ஆளாகி, குற்ற உணர்வில் நொறுங்கி, கடையில் சிறு பொருள்களைத் திருடி, வேலையையும் இழந்த ஒரு மனிதனின் கதை அது. கொலை வழக்கின் கோப்பில் இதற்கு இடமே இல்லை. அந்தப் புத்தகம் இன்றும் பேசப்படுவது அதனால்தான்.

இன்னொரு உதாரணம், உங்களை யோசிக்க வைக்கும் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரியான திலகவதி 2005-இல் சாகித்திய அகாடமி விருது பெற்றது 'கல்மரம்' நாவலுக்கு. அது கட்டடத் தொழிலாளர்களின் வாழ்க்கை பற்றியது. போலீஸ் கதை இல்லை. போலீஸ்காரர் எழுதினால் போலீஸ் கதைதான் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. அந்த வேலைக்காரப் பெண்ணை வைத்தே நீங்கள் ஒரு நாவல் எழுதலாம். அதில் காவல் நிலையம் ஒரு அத்தியாயத்துக்கு மட்டும் வந்து போகட்டும்.

சரி, அனுமதிக்கு வருவோம். எந்த நாட்டில் பணிபுரிகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனவே பொதுவாகச் சொல்கிறேன். உங்கள் துறையின் நடத்தை விதிகளை நீங்களே எடுத்துப் படியுங்கள். யாரோ சொன்னார்கள் என்று நம்பி இறங்க வேண்டாம். பெரும்பாலான இடங்களில் விதிகள் இலக்கியப் படைப்பையும் பணி சார்ந்த நூலையும் தனித்தனியாகவே பார்க்கின்றன. இந்தியாவில் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போன்ற அகில இந்தியப் பணி அதிகாரிகளுக்கான 1968-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, அலுவலுக்கு இடையூறு இல்லாமல் அவ்வப்போது இலக்கியப் பணி செய்யலாம். ஆனால் அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ பொதுவெளியில் கண்டித்து எழுதக் கூடாது. அதற்குக் கீழுள்ள பதவிகளுக்கு மாநில விதிகள் தனி. ஓய்வுபெற்றுவிட்டால் எல்லாம் தளர்ந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் அந்த அமைப்பின் பணி தொடர்பாக எழுத முன் அனுமதி வாங்க வேண்டும் என்று இந்திய அரசு 2021-இல் ஓய்வூதிய விதியைத் திருத்தியிருக்கிறது. மீறினால் ஓய்வூதியத்திலேயே கை வைக்கலாம்.

என் யோசனை: விதி தெளிவாக இருந்தாலும் எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். மேலதிகாரி தேநீர் குடித்துக்கொண்டே "தாராளமாகப் போடுங்க" என்று சொன்னது அனுமதி ஆகாது. அவர் மாற்றலாகிப் போவார், புத்தகம் இங்கேயே இருக்கும்.

கடிதத்தில் ஓர் இடத்தில், வழக்கு நாட்குறிப்பின் (விசாரணை அதிகாரி அன்றாடம் எழுதும் பதிவின்) நகல்கள் வீட்டில் இருப்பதால் விவரங்கள் துல்லியமாக இருக்கும் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று மேலே உள்ள சுருக்கத்தில் அதை நீக்கிவிட்டேன். ஆனால் எனக்குப் பெரிய கவலையே அதுதான். அந்த நகல்களை வைத்து எழுதாதீர்கள். அவை உங்களிடம் இருக்கலாமா என்பதையே முதலில் விசாரியுங்கள். துல்லியம் வேண்டுமென்றால் தீர்ப்பு நகல் இருக்கிறது. திறந்த நீதிமன்றத்தில் பதிவானவை இருக்கின்றன. அன்றைய செய்தித்தாள்கள் இருக்கின்றன. வாம்பாவும் அந்த நூலுக்காகப் பல்லாயிரம் பக்க நீதிமன்றப் பதிவுகளைத்தான் படித்தார், சம்பந்தப்பட்டவர்களை நேரில் போய்ப் பார்த்தார். இத்தனைக்கும் அவரே போலீஸ்காரர்.

பெயரை மாற்றினால் போதுமா என்றால், போதாது. பெயர் ஒருவரின் அடையாளத்தில் சின்னப் பங்குதான். தொழில், ஊர், வயது, குடும்பத்தில் எத்தனை பேர், எந்த ஆண்டு, எந்தத் திருவிழாவுக்கு மறுநாள் என்று எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினால் அந்தப் பகுதியில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். பாலியல் குற்ற வழக்குகளில் இது நாகரிகக் குறைவு மட்டுமில்லை. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எந்த விவரத்தையும் அச்சிடுவது இந்தியாவில் தண்டனைக்குரிய குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 228ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவு. பல நாடுகளில் இதே போன்ற சட்டம் உண்டு. உங்கள் பொருளடக்கத்தில் 9, 17, 22 ஆகிய மூன்று அத்தியாயங்கள் இந்த வகை என்று தலைப்பே சொல்கிறது. அவற்றைத் திருத்த முயல வேண்டாம், எடுத்துவிடுங்கள். அந்த அனுபவம் உங்களை என்ன செய்தது என்பதை வேறோர் இடத்தில், வேறொரு கற்பனைச் சம்பவத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

உங்களுக்கு ரகசியமாகத் தகவல் கொடுத்தவர்களின் விஷயம் இதைவிட ஆபத்தானது. பதினைந்து ஆண்டு கழிந்தாலும் ஒரு ஆளின் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. ஐந்தாவது அத்தியாயத்துத் தலைப்பிலேயே ஒருவருடைய பட்டப்பெயர் இருக்கிறது. அது உண்மையானது என்றால் இன்றே அடித்துவிடுங்கள்.

விடுதலையானவர்களையும் மறந்துவிடாதீர்கள். "அவன்தான் செய்தான், சாட்சி பிறழ்ந்ததால் தப்பித்தான்" என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கலாம். அச்சில் அப்படி எழுதினால் அது அவதூறு வழக்கு, அதில் குற்றம் சாட்டப்பட்டவராக நிற்பது நீங்கள். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும் வழக்கைத் தொடவே தொடாதீர்கள்.

இவ்வளவையும் கேட்ட பிறகு "அப்புறம் என்னதான் மிச்சம்?" என்று தோன்றும். அதனால்தான் நாவலை யோசியுங்கள் என்கிறேன். மூன்று வழக்கில் பார்த்த மூன்று பேரைக் கரைத்து ஒருவராக்கலாம், ஊரை மாற்றலாம், முடிவை மாற்றலாம். நடந்ததைத் தள்ளி வைத்துவிட்டு, நடக்கும் விதத்தைப் பற்றி உண்மையாக இருக்கலாம். 1892-இல் கல்கத்தாவில் 'தாரோகார் தப்தர்' என்ற தொடரைத் தொடங்கிய பிரியநாத் முகோபாத்யாய் அங்கே துப்பறியும் பிரிவில் வேலை பார்த்தவர். 200-க்கும் மேற்பட்ட கதைகளை வங்காள மொழியில் எழுதினார், அதிலும் பணியில் இருந்துகொண்டே. வழக்குகளைக் கதையாக்கும் வேலை நம் பக்கத்திலும் அவ்வளவு பழையது.

ஆனால் சில விஷயங்களை நாவலாக்கக் கூடாது, நடந்தது நடந்தபடியேதான் சொல்லியாக வேண்டும். 1987 மே 22 இரவு மீரட்டின் ஹாஷிம்புராவில் இருந்து பிடித்துச் செல்லப்பட்ட முஸ்லிம்களை உத்தரப் பிரதேச மாநில ஆயுதக் காவல் படையினர் சுட்டுக் கொன்றார்கள். உடல்கள் கிடந்த காஜியாபாத் மாவட்டத்தில் அப்போது காவல் கண்காணிப்பாளராக இருந்தவர் விபூதி நாராயண் ராய். அவர் இந்தி நாவலாசிரியரும்கூட. அந்தச் சம்பவத்தைப் பற்றிய அவருடைய நூல் ஆங்கிலத்தில் 2016-இல் வந்தது. கிட்டத்தட்ட 29 ஆண்டுகள். டெல்லி உயர் நீதிமன்றம் 16 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது அதற்கும் பிறகு, 2018-இல். நாவல் எழுதத் தெரிந்தவர் அதை நாவலாக எழுதாமல் தன் சாட்சியமாகவே வைத்தார் என்பதைக் கவனியுங்கள். உங்கள் 31-இல் அப்படி ஒன்று இருக்கிறதா என்று உங்களுக்குத்தான் தெரியும். இருந்தால் அதற்குத் தனிப் புத்தகம், தனி வழக்கறிஞர், நிறையப் பொறுமை வேண்டும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். பொருளடக்கத்தைப் பார்த்தால் 31 வழக்கிலும் நீங்கள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டதாகவே தெரிகிறது. கண்டுபிடிக்க முடியாமல் போன வழக்கு ஒன்றுகூடவா இல்லை? தவறான ஆளைப் பிடித்துவந்த இரவு? கண்ணெதிரே சக காவலர் கை ஓங்கியதைப் பார்த்தும் சும்மா இருந்த நேரம்? இவற்றை எழுதச் சொல்லி வற்புறுத்தவில்லை. ஆனால் இப்படி ஒன்றுமே நடக்காத காவல் நிலையத்தை வாசகர் நம்ப மாட்டார். போலீஸ்காரர் எழுதிய புத்தகத்தை எடுக்கும்போதே, 'இவர் எதை மறைக்கப்போகிறார்' என்ற சந்தேகத்தோடுதான் எடுக்கிறார்.

புனைபெயர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தனிமைக்கு உதவும், பாதுகாப்புக்கு உதவாது. நடத்தை விதி பெயரைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கும். ஒப்பந்தத்திலும் வங்கிக் கணக்கிலும் உண்மைப் பெயர்தான் இருக்கும். அனுமதி வாங்கிவிட்டுப் புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள், நல்லது. அனுமதிக்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதீர்கள். நல்லது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வாம்பா தொடர்ந்து சில ஆண்டுகள் இரண்டு வேலையையும் பார்த்தார், ஆனால் புகழ் வந்த பிறகு ஒரு சாதாரணத் துப்பறிவாளராக வேலை செய்யவே முடியவில்லை. 1974-இல் துறையை விட்டு விலகினார். உங்களுக்கு இன்னும் 6 ஆண்டுகள் இருக்கின்றன. நீங்கள் சாட்சிக் கூண்டில் நிற்கும்போது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்கள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "பக்கம் 112-இல் சந்தேகப்படும் ஆளை இப்படித்தான் நடத்துவேன் என்று எழுதியிருக்கிறீர்களே?" என்று கேட்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அனுபவ நூல் என்றால் ஓய்வுக்குப் பிறகு. நாவல் என்றால் அனுமதியோடு இப்போதே கூட. இதுதான் என் முடிவு.

எழுதித் தருவதாகச் சொல்லும் எழுத்தாளரை நான் தடுக்க மாட்டேன், பல நல்ல அனுபவ நூல்கள் அப்படித்தான் வந்திருக்கின்றன. ஆனால் யூஜீன் பிரான்சுவா விடோக்கை நினைவில் வையுங்கள். குற்றவாளியாக இருந்து பாரிஸ் துப்பறியும் பிரிவின் தலைவராக உயர்ந்தவர். அவருடைய நினைவுக் குறிப்புகள் 1828 முதல் வெளிவந்து பரபரப்பாக விற்றன. பதிப்பாளர் அமர்த்திய ஆட்கள் அதில் தங்கள் சரக்கையும் சேர்த்துவிட்டார்கள், விடோக்கே குறைப்பட்டுக்கொண்டார். எது அவர் சொன்னது, எது இவர்கள் சேர்த்தது என்று பிரிப்பது இன்றுவரை ஆய்வாளர்களுக்குத் தலைவலி. உங்கள் விஷயத்தில் இதற்கு முன்பே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது: வழக்குக் குறிப்புகளை வெளியாள் கையில் கொடுப்பதே விதிமீறலாக முடியலாம். அந்த நகை வழக்கின் கடைசி மூன்று வாக்கியத்தை அவரால் விரிக்கவும் முடியாது, அங்கே நின்றவர் அவர் இல்லையே. நீங்கள் எழுதுங்கள், நல்ல எடிட்டர் ஒருவர் கூட இருந்தால் போதும்.

பணம் கேட்கும் நிறுவனம்: மூன்று வாரத்தில் புத்தகம் என்றால் யாரும் படித்துப் பார்க்கப்போவதில்லை என்று பொருள். மற்றவர்களுக்கு அது வெறும் பிழைகள் மலிந்த புத்தகமாக முடியும். உங்களுக்கு வழக்காக முடியலாம். எந்தப் பதிப்பகத்தோடு போனாலும், சட்டரீதியான வாசிப்பை யார் செய்வது, அதன் செலவு யாருடையது, அவதூறு வழக்கு வந்தால் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். வழக்கமாக எல்லாப் பொறுப்பையும் ஆசிரியர் தலையில் கட்டும் ஒரு பத்தி இருக்கும். அதைப் பேசிக் குறைக்க முடியும், கேட்டால்தான் குறைப்பார்கள். திரைப்பட, இணையத் தொடர் உரிமையைப் புத்தக உரிமையோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். போலீஸ் கதைகளுக்கு அந்தப் பக்கம் கிராக்கி அதிகம், அந்தப் பணத்துக்குத் துறையிடம் தனியாகக் கணக்கும் அனுமதியும் தேவைப்படலாம்.

இப்போதைக்கு 600 பக்கத்தையும் திருத்த உட்கார வேண்டாம். அந்த நகை வழக்கை மட்டும் எடுத்து, ஊரையும் ஆட்களையும் முழுக்க மாற்றி, விசாரணையை இரண்டு பக்கத்தில் அடக்கி, மீதியை அந்தப் பெரியவருக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கும் கொடுத்து எழுதிப் பாருங்கள். முடிந்ததும் முதலில் உங்கள் இரண்டாவது நண்பரிடம் காட்டுங்கள். அதன் பிறகு எனக்கு அனுப்புங்கள்.